கயிற்றை இழுக்கும் முன்

(குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள ஊரொன்றில், மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் அவுட்போர்டு மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய அவுட்போர்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நின்றுவிடுகிறது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கரையில் இதைவிடப் பேச வேண்டிய விஷயம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களின் வீட்டார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கரைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் எஞ்சின் ஓடுகிறதா ஓடவில்லையா என்பது சம்பாத்தியத்தைப் பற்றிய கேள்வி அல்ல, உயிரைப் பற்றிய கேள்வி. அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எஞ்சின் நின்றவுடன் நம் கை தானாக அதை இயக்கும் கயிற்றுக்குப் போகிறது. இழுக்கிறோம், இழுக்கிறோம், தோள் கழன்றுபோகும் அளவுக்கு இழுக்கிறோம். எப்படியோ ஓடத் தொடங்கிவிட்டால் 'சரியாகிவிட்டது' என்று போகிறோம். அங்கேதான் தவறு நடக்கிறது. எதனால் நின்றது என்பதற்கான சாட்சி முழுவதும் நின்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் மறுபடி ஓடிவிட்டால் சாட்சி அழிந்துபோகிறது. கரைக்கு வந்து என் பட்டறையில் இறக்கி வைக்கும்போது அது நல்ல பிள்ளையாக ஓடுகிறது. நான் எதைப் பார்ப்பது? ஆகவே கயிற்றை இழுக்கும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். அலை உடையும் இடத்தில் நின்றுவிட்டால் அது வேறு; அங்கே பார்க்க நேரமில்லை, இழுக்கத்தான் வேண்டும், துடுப்பைப் போடத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் எஞ்சின் நிற்பது வெளிக்கடலில். அங்கே ஒரு நிமிடம் நமக்கு உண்டு.

இந்த எஞ்சினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்த ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் ஒன்றரைக் குதிரைத்திறனில் ஒரு படகு எஞ்சின் செய்தார். மேலே எஞ்சின், நடுவே செங்குத்தாக இறங்கும் தண்டு, கீழே பல்சக்கரம், அதன் முனையில் விசிறி. இன்று உங்கள் வள்ளத்தின் பின்பக்கம் தொங்குவதும் அதே அமைப்புதான். யமஹா தன் முதல் அவுட்போர்டை 1960-இலும் சுசுகி 1965-இலும் கொண்டுவந்தன. கேரளக் கரையிலும் நம் கரையிலும் 1980-களில்தான் அவுட்போர்டு வேகமாகப் பரவியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒட்டுப்பலகை வள்ளம் கட்டும் தளங்களோடு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது அதனால்தான். வள்ளத்தைக் கொடுத்து எஞ்சினைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இருபது வயதான டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இன்றும் நம் கரையில் ஓடுகின்றன. அவற்றின் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது, கணினி கிடையாது. பிஸ்டன், கிராங்க், ஒரு கார்ப்ரேட்டர், பொறிக்கு ஒரு காயில். அறிந்தவன் கைக்கு அது கடைசிவரை பணியும்.

ஓட வேண்டுமானால் எண்ணெய், அதாவது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, சரியான அளவில் உள்ளே போக வேண்டும், சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும், பிஸ்டன் அழுத்தம் கொடுக்க வேண்டும், சூடு வெளியேற வேண்டும். நின்றால் இவற்றில் ஒன்று தப்பியிருக்கிறது. எது தப்பியது என்பதை எஞ்சின் நிற்கிற விதத்திலேயே சொல்லிவிடும். ஆகையால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் 'என்ன மாற்றினீர்கள்?' என்று கேட்பதில்லை. 'எப்படி நின்றது?' என்றுதான் கேட்பேன்.

சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றதா? பெரும்பாலும் பொறி போயிருக்கும். முதலில் இரைச்சல் ஏறி இறங்கி, மூச்சுக்குத் தவித்து, இரண்டு மூன்று முறை இழுத்து இழுத்து நின்றதா? எண்ணெய் வரத்து குறைந்திருக்கிறது. புகை கக்கி, கனத்த சத்தத்தோடு தடுமாறி நின்றதா? எண்ணெய் கூடுதலாகப் போயிருக்கிறது, அல்லது பிளக் நனைந்திருக்கிறது. யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, பெயின்ட் கருகும் வாசனையோடு நின்றதா? எஞ்சின் சூடேறிவிட்டது. அப்போது கயிற்றைத் தொடவே தொடாதீர்கள். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வியிருக்கும். அந்த நேரத்தில் இழுத்தால் சுவரில் கோடு விழும், பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். தானாக ஆற விடுங்கள்.

இந்த நான்கையும் சத்தத்தால் பிரித்தறியக் கடல்காரனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காற்று திரும்புவதையும் நீவாடு எனும் நீரோட்டம் மாறுவதையும் உணர்கிற காது அது. எஞ்சின் பக்கமும் அந்தக் காதைத் திருப்பச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது எண்ணெய் வரும் பாதை. என் அனுபவத்தில் எஞ்சின் நின்றுபோகும் பழுதுகளில் பெரும்பகுதி டேங்குக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவேதான் இருக்கிறது. ஆகவே இதை நிதானமாகச் சொல்கிறேன்.

டேங்க் மூடியில் காற்றுத் திருகு ஒன்று உண்டு. வள்ளத்தை வண்டியில் ஏற்றும்போது எண்ணெய் சிந்தாமல் இருக்க அதை முடுக்கி வைக்கிறோம். கடலில் இறக்கும்போது திறக்க மறந்துவிடுகிறோம். எஞ்சின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. சில நிமிடம் ஓடும், பிறகு நிற்கும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். மறுபடி ஓடும். இதற்காகக் கார்ப்ரேட்டரைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். திருகு திறந்தே இருந்தாலும் அதன் ஓட்டையில் உப்பு அடைத்திருக்கலாம். மூடியையே சற்றுத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, எண்ணெய்க் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்பு. அதை வெறும் பம்பு என்று நினைக்காதீர்கள். கடலில் நம்மிடம் இருக்கும் ஒரே சோதனைக் கருவி அதுதான். எஞ்சின் நின்றவுடன் முதலில் கையை அதன்மேல் வையுங்கள். பல்பு சப்பிக் கிடக்கிறதா? அப்படியானால் டேங்கிலிருந்து எண்ணெய் வரவில்லை: காற்றுத் திருகு, டேங்குக்குள் இறங்கும் குழாய், அதன் முனையிலுள்ள சல்லடை, இவற்றில் ஒன்று அடைத்திருக்கிறது. கல்போல் இறுகியிருக்கிறதா? டேங்கிலிருந்து பல்பு வரை வந்துவிட்டது; அதற்கு மேலே ஏதாவது அடைத்திருக்கலாம், அல்லது எண்ணெய் சரியாகத்தான் வருகிறது, பழுது பொறியில் இருக்கிறது. எத்தனை முறை அமுக்கியும் இறுகவில்லையா? குழாயில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, பல்புக்குள் உள்ள சிறு வால்வு போயிருக்கிறது, அல்லது கார்ப்ரேட்டரின் ஊசி மூடாமல் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கிறது. மோந்து பார்த்தாலே கடைசியது தெரியும்.

இன்னொன்று. எஞ்சின் நிற்கப்போகிறது என்று சத்தத்தில் தெரிந்தவுடன் பல்பை விடாமல் அமுக்குங்கள். அமுக்க அமுக்க எஞ்சின் தேறி ஓடினால், எஞ்சினிலுள்ள எண்ணெய்ப் பம்பு தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்தப் பம்புக்கு மோட்டார் கிடையாது. கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்த மாற்றம்தான் அதன் மெல்லிய சவ்வைத் துடிக்க வைக்கிறது. சவ்வில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், அது விறைத்துப்போனாலும், முழு வேகத்தில் வேண்டிய எண்ணெயைக் கொடுக்க முடியாது. பல்பை அமுக்கிக்கொண்டே ஒருவர் உட்கார்ந்தால் கரை வந்து சேரலாம். மறுநாள் சவ்வை மாற்றிவிடலாம்.

டேங்குக்குள் இறங்கும் குழாயைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்த அண்ணன் நல்ல தொழிலாளி, கடன் வாங்கித் தொழில் செய்பவர். அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு நிற்கும், பத்து நிமிடம் கழித்து இழுத்தால் ஓடும் என்றார். அதற்குள் வேறிடத்தில் கார்ப்ரேட்டர் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, பொறிக்கான மின்சாரத்தை விடும் சி.டி.ஐ. பெட்டியும் மாற்றியாயிற்று. 'சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, ஆகவே காயில்தான்' என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த முடிவு அறிவில்லாத முடிவு அல்ல. காயில் அப்படித்தான் பழுதாகும். அதற்குள் சுற்றியிருக்கும் கம்பியில் மயிரிழை வெடிப்பு இருந்தால், குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும், பொறி அறுந்துபோகும், ஆறினால் மறுபடி தொடும்.

ஆனால் அந்த அண்ணனிடம் 'நிற்கும்போது பல்பு எப்படி இருந்தது?' என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். எஞ்சினைத் திருப்பிக் கொடுத்து, 'கடலுக்குப் போங்கள், நின்றவுடன் பல்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்' என்றேன். சப்பிக் கிடந்தது என்று வந்து சொன்னார். டேங்கைக் கவிழ்த்தோம். பிளாஸ்டிக் பை ஒன்றின் கிழிசல், நகத்தளவு துண்டு, எண்ணெய்க்குள் அலைந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓட ஓட அது மெல்ல இழுபட்டு வந்து குழாய் முனையில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நின்று, துண்டு கழன்று விழும். பத்து நிமிடம் கழித்து எஞ்சின் ஓடும். காயில் பழுதும் இதுவும் வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டியது பல்புதான். மாற்றப்பட்ட சாமான்கள் ஒன்றிலும் குற்றமில்லை. அந்தப் பணம் திரும்பி வரப்போவதுமில்லை. ஊகத்தில் சாமான் மாற்றும் வேலையை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

பொறியைச் சோதிப்பது எப்படி? பல்பு இறுகியிருக்கிறது, எண்ணெய் வருகிறது, எஞ்சின் ஒரே வெட்டாக நின்றது என்றால் ஆறுவதற்கு முன்பே பொறியைப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் பொறி இருக்கும், நாம் ஏமாந்துபோவோம். கூடுதலாக ஒரு நல்ல பிளக்கைப் பிளக் தொப்பியில் செருகி, அதன் உலோக உடம்பை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வைத்துக் கயிற்றை இழுத்தால், நீல நிறத்தில் பளிச்சென்று பொறி விழ வேண்டும். மஞ்சளாகச் சோம்பி விழுந்தால் அது பொறி அல்ல. இதில் இரண்டு எச்சரிக்கை. சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகே செய்யுங்கள். பிளக் ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் அருகில் பொறி விடாதீர்கள். அடுத்தது, தொப்பியை எதிலும் தொடாமல் தொங்கவிட்டுக் கயிற்றை இழுக்காதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் சி.டி.ஐ. பெட்டியையே சுட்டுவிடும்.

பொறி இல்லை என்றால் உடனே காயில் கடைக்கு ஓட வேண்டாம். நிறுத்தும் பொத்தானைப் பாருங்கள். இந்தப் பழைய எஞ்சின்களில் நிறுத்தும் பொத்தான் என்ன செய்கிறது? பொறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எஞ்சின் உடம்பிலேயே இறக்கிவிடுகிறது. பொத்தானுக்குள் உப்புநீர் புகுந்தாலும், அதன் கம்பியின் உறை தேய்ந்து உடம்பில் உரசினாலும், யாரும் அமுக்காமலே எஞ்சின் நிற்கும். வள்ளம் அலையில் குலுங்கும்போது மட்டும் நிற்கிறது, அமைதியான கடலில் ஓடுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்தக் கம்பியின் மேல்தான். அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். அப்போது எஞ்சினை நிறுத்தச் சோக்கை இழுக்க வேண்டும். ஆனால் அப்படியே கழற்றி வைத்துக்கொண்டு தொழிலுக்குப் போகாதீர்கள். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்த வேறு வழி கைக்கு எட்டாது. விசிறி யாருடைய காலையும் பார்த்துச் சுற்றுவதில்லை.

சி.டி.ஐ. வருவதற்கு முந்திய எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஓரிருவர் இருக்கலாம். அதில் ஃப்ளைவீலுக்கு அடியில், பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட் இருக்கும். பாயின்ட் முகத்தில் உப்புப் பூத்தால் பொறி செத்துவிடும். சுத்தம் செய்து இடைவெளி வைத்தால் பிழைக்கும்.

இனி நம் கரைக்கே உரிய விஷயம், மண்ணெண்ணெய். பெட்ரோல் எஞ்சினைப் பற்றி எழுதப்பட்ட கையேடுகளில் இது இருக்காது. பெட்ரோல் நம் வெயிலிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளித்துளியாகவே நிற்கும், பிளக் நனையும், எஞ்சின் நிற்கும். அதனால்தான் பெட்ரோலில் தொடங்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும்படி செய்து வைத்திருக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் பெட்ரோல் விலைக்குப் பயந்து சீக்கிரம் மாற்றிவிடுகிறோம்.

எஞ்சின் நிற்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வலை இழுக்கும்போது எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு மண்ணெண்ணெயிலேயே வைத்திருக்கிறோம். மெதுவாக ஓடும் எஞ்சின் ஆறுகிறது. ஆறினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. கரி படிகிறது, பிளக் நனைகிறது. வலையை ஏற்றிவிட்டு வேகம் கொடுக்கும்போது எஞ்சின் தடுமாறி நிற்கிறது. 'பாரம் ஏறியதும் நிற்கிறது' என்று என்னிடம் சொல்வார்கள். நிற்பதற்கான காரணம் பாரத்தில் இல்லை, அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் இருக்கிறது. மெதுவாக ஓடும் நேரத்தில் பெட்ரோலுக்கு மாற்றுங்கள். அதற்காகும் பெட்ரோல் செலவு, ஒரு பயணத்தைப் பாதியில் விட்டு இன்னொரு வள்ளத்தால் இழுபட்டு வரும் செலவைவிடக் குறைவு. அதேபோல் கரையில் நிறுத்துவதற்குச் சற்று முன்னும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்ப்ரேட்டரில் பெட்ரோல் நிரம்பிய பிறகு நிறுத்துங்கள். மறுநாள் காலை கயிறு எவ்வளவு லேசாகிறது என்று பாருங்கள். பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பாதையை மாற்றும் குழாய்த் திருகும் தேய்ந்துபோகும். தேய்ந்தால் இரண்டு எண்ணெயும் கலந்தே வரும். எந்த நேரத்தில் எது போகிறது என்று யாருக்கும் தெரியாது.

மானியத்தில் வரும் மண்ணெண்ணெயைத் துருப்பிடித்த பீப்பாயில் வைத்திருக்கிறோம். அடியில் தண்ணீர் தங்கும். பீப்பாயின் கடைசி நான்கு விரல் எண்ணெயை டேங்கில் ஊற்றாதீர்கள். நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயில் மாட்டிக்கொண்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் படிப்படியாக வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஓரளவு தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். உறிஞ்சும் குழாயின் முனை இருப்பதும் அடியில்தான். எஞ்சினுக்குப் போவது பெட்ரோல் அல்ல, அந்த அடித்தண்ணீர். டூ ஸ்ட்ரோக் ஆயிலும் அதில் கலந்திருக்காது. ஆகவே எஞ்சின் நிற்பதோடு போகாமல் தேயவும் செய்யும். பழைய ரப்பர்க் குழாய்கள், பம்புச் சவ்வு, கார்ப்ரேட்டர் ஊசியின் நுனி ஆகியவை எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாயின் உள்தோல் உரிந்து, வெளியே நல்ல குழாய்போலவே இருந்து, உள்ளே கதவுபோல் மூடித் திறந்து எஞ்சினை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனி ஆடியில் தொழில் இல்லாமல் வள்ளம் ஏறிக் கிடக்கும்போது டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்தால் அந்தப் பெட்ரோலை எஞ்சினுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவது இன்றைக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் விற்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலை அவுட்போர்டில் ஊற்றாதீர்கள். அது காற்றில் ஆறும் எஞ்சினுக்கானது. எரிந்தால் சாம்பல் விடும். அந்தச் சாம்பல் பிளக்கில் ஒட்டிப் பொறியைத் திருடும். தண்ணீரில் ஆறும் எஞ்சினுக்குரிய ஆயில் டப்பாவில் டி.சி. டபிள்யூ. 3 என்று போட்டிருக்கும். விலை கூடுதல்தான், வாங்கத்தான் வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதை எஞ்சின் கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள். 'கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது' என்பது நல்லதல்ல.

கார்ப்ரேட்டருக்கு வருவோம். வேகமாக ஓடும்போது சரியாக ஓடி, வேகம் குறைத்தவுடன் நிற்கிறதா? சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் நிற்காமல் இருக்கிறதா? மெது ஓட்டத்துக்கான சிறு ஜெட் அடைத்திருக்கிறது. கார்ப்ரேட்டரிலேயே மிகக் குறுகிய வழி அதுதான், முதலில் அடைப்பதும் அதுவே. தயவுசெய்து அதில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் எஞ்சின் என்றைக்கும் பழைய கணக்கில் ஓடாது. கார்ப்ரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, காற்றடித்துத்தான் திறக்க வேண்டும். காற்றும் எண்ணெயும் கலக்கும் அளவுத் திருகை முடுக்கும்போதும் அது மெல்ல உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். முடுக்குவதற்கு முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஜெட்டைச் சுத்தம் செய்தும் மெது ஓட்டம் நிலைக்கவில்லை என்றால் கிராங்க் சீல் தேய்ந்து காற்றை உறிஞ்சக்கூடும். அது பட்டறை வேலை.

எஞ்சினை ஆற்றும் தண்ணீர்ப் பம்புக்கு வருகிறேன். துறைமுகத்தில் கட்டுகிற படகுகளுக்கு இல்லாத கேடு ஒன்று நமக்கு உண்டு. நாம் மணலில் இறங்குகிறோம், மணலில் ஏறுகிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலைவாய்க்கரையின் கலங்கல் தண்ணீரைப் பம்பு உறிஞ்சுகிறது. மணல் ரப்பர் இம்பெல்லரின் இதழ்களை அரைத்துவிடுகிறது. எஞ்சினின் பக்கத்துத் துளையில் பீச்சும் தண்ணீரைத் தினமும் பாருங்கள். மெலிந்தால் இம்பெல்லரை மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கெடாமலே மாற்றினாலும் வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் உள்ளிருக்கும் உப்பு கரைந்து போகும். வெறுங்கரையில் தண்ணீரில்லாமல் 'ஒரு சத்தம் பார்க்கலாம்' என்று ஓட்டுவது இம்பெல்லரைக் கொல்வது. அலையில் கவிழ்ந்து எஞ்சின் முழுகிவிட்டால் காயவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிடுங்கள். ஓட்ட முடியாவிட்டால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுவாருங்கள். ஒரு ராத்திரி போதும், பேரிங் துருப்பிடிக்க.

கியர் போட்டவுடன் மட்டும் நிற்கிறதென்றால் விசிறித் தண்டில் நைலான் நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். அந்த நூல் சீலை அறுக்கும்; கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல் ஆகும். எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் தேறவில்லையானால் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும். அந்த நிலையில் செலவு செய்வதா, எஞ்சினுக்கு ஓய்வு கொடுப்பதா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

சங்கத் தலைவர்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கம்ப்ரஷன் அளக்கும் மீட்டர், பொறி சோதிக்கும் கருவி, கம்பியின் தடை அளக்கும் மல்டிமீட்டர் ஆகிய மூன்றையும் சங்கப் பணத்தில் வாங்கி வையுங்கள். தனித்தனியாக வாங்க நம்மால் முடியாது, எல்லோரும் சேர்ந்தால் முடியும். நம் ஊரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் தம்பிகளையும் தங்கைகளையும் என்னிடம் அனுப்புங்கள். காசு வாங்காமல் கற்றுத் தருகிறேன். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் வள்ளத்தில் ஒரு நல்ல பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு கயிறு, ஒரு துடுப்பு வைத்திருங்கள். எஞ்சின் நின்றால் எப்படி நின்றது, பல்பு எப்படி இருந்தது, எந்த எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்து வந்து சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.